கப்பலில் போனால்தான் கரீபியனா?

கரீபியன் தீவுகளுக்குப் போகப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் கிரிக்கெட் வரும். 2004-ல் ஆன்டிகுவாவில் லாரா அடித்த 400 வரும். அடுத்த நிமிடமே அறிவுரை தொடங்கிவிடும். மயாமியில் சொகுசுக் கப்பல் ஏறு, ஒரே வாரத்தில் நாலைந்து தீவு பார்த்துவிடலாம். கப்பல் ஒத்துக்கொள்ளாதென்றால், சாப்பாட்டையும் மதுவையும் சேர்த்து ஒரே பில்லாகப் போடும் ரிசார்ட்டில் அறை எடு. சொந்தமாக ஊர் ஊராகச் சுற்றுவதெல்லாம் அங்கே ஆகாது. பஸ் கிடையாது, நல்ல கடற்கரை எல்லாம் ஓட்டல்காரன் கையில், விலையோ கேட்கவே வேண்டாம், போதாக்குறைக்குத் துப்பாக்கிச் சூடு வேறு.

கப்பல் டிக்கெட் விற்பவர் இப்படிப் பேசினால் புரிந்துகொள்ளலாம், அது அவர் பிழைப்பு. அங்கே கால் வைக்காதவர்களும் அதையே திருப்பிச் சொல்வதுதான் வேடிக்கை.

முதலில் அந்த ‘நாலைந்து தீவு’ கணக்கு. கப்பல் பெரும்பாலும் காலையில் துறைமுகத்துக்கு வந்து மாலையில் கிளம்பிவிடுகிறது. இறங்கும் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயில் வழியாக வெளியே வந்து, வரியில்லாக் கடைகளில் வைர மோதிரமும் கைக்கடிகாரமும் பார்க்கிறார்கள். இரண்டுமே அந்தத் தீவில் செய்தவை அல்ல. சில கப்பல்கள் நிற்கும் இடம் ஊரே அல்ல. பஹாமாஸில் கோகோ கே ராயல் கரீபியன் நிறுவனம் நடத்தும் தீவு, காஸ்ட்அவே கே டிஸ்னி நடத்தும் தீவு. ஹெய்ட்டியில் லபாடி என்ற முனையையும் ராயல் கரீபியன் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஹெய்ட்டி, இந்தப் பக்கம் கப்பல். இதையும் ஒரு நாடு பார்த்த கணக்கில் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. இந்தத் தீவுகள் உயிர்பெறுவது இருட்டிய பிறகுதான். பார்படோஸின் ஓய்ஸ்டின்ஸ் மீன் சந்தையில் வெள்ளி இரவு அடுப்புகள் வரிசையாக எரியும். ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து மீன் தின்பார்கள். செயின்ட் லூசியாவில் குரோஸ் இலே என்ற சிற்றூரின் தெருக்களும் வெள்ளி இரவு முழுக்கப் பாட்டும் ஆட்டமும்தான். அந்நேரத்தில் கப்பல் பயணி நடுக்கடலில் பஃபே வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

பஸ் கிடையாது என்பது சுத்தப் பொய். பார்படோஸில் மூன்று வகை ஓடுகின்றன. நீல நிறத்தில் மஞ்சள் பட்டை போட்டது அரசு பஸ். மஞ்சளில் நீலப் பட்டை தனியார் மினிபஸ். வெள்ளையில் கருஞ்சிவப்புப் பட்டை என்றால் அது நம்பர் பிளேட்டில் இசட்ஆர் என்று தொடங்கும் வேன். நம் ஷேர் ஆட்டோவின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கும். இனி ஆள் ஏற இடமில்லை என்று நீங்கள் நினைக்கும்போது கண்டக்டர் இன்னும் இரண்டு பேரை உள்ளே தள்ளுவார். 2019 முதல் கட்டணம் மூன்றரை பார்படோஸ் டாலர். தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனாலும் அதேதான். அரசு பஸ்ஸில் மீதிச் சில்லறை எதிர்பார்க்க வேண்டாம். வழி கேட்கவும் அதிகம் தேவைப்படாது, நிறுத்தப் பலகையில் இரண்டே வாசகம்தான்: ஒரு பக்கம் ‘டு சிட்டி’, எதிர்ப்பக்கம் ‘அவுட் ஆஃப் சிட்டி’. தலைநகர் பிரிட்ஜ்டவுன் போக வேண்டுமா, அதைவிட்டு விலகிப் போக வேண்டுமா என்று தெரிந்தால் போதும்.

கிரெனடாவிலும் செயின்ட் லூசியாவிலும் டொமினிக்காவிலும் இதே வேலையை மினிபஸ்கள் செய்கின்றன. இறங்குமிடம் வந்ததும் டிரைவருக்குக் குரல் கொடுத்தால் நிறுத்துவார். ஏறும்போது உள்ளே இருப்பவர்களுக்கு ‘குட் மார்னிங்’ சொல்லிவிட்டு உட்காருங்கள். வணக்கம் சொல்லாமல் நேரே கேள்வி கேட்பவனை அங்கே மரியாதை தெரியாதவன் என்றுதான் நினைப்பார்கள். இருட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இரவு டாக்ஸிக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்தால் தீர்ந்தது.

கடற்கரை விஷயத்தில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் குற்றச்சாட்டு ஒரு தீவில் பொய், இன்னொரு தீவில் உண்மை. பார்படோஸில் கடற்கரை முழுதும் பொதுமக்களுடையது. மேற்குக் கரையில் பெரும் பணக்காரர்கள் தங்கும் சாண்டி லேன் ஓட்டல் இருக்கிறது. அதன் முன்னாலுள்ள மணலில் மூன்றரை டாலர் பஸ்ஸில் வந்தவரும் துண்டு விரித்துப் படுக்கலாம். சாய்வு நாற்காலிதான் ஓட்டலுடையது. பங்களா மதில்களுக்கு நடுவே ஒற்றையடிச் சந்துகள் கடலுக்குப் போகும். பஸ்ஸில் இருந்து பார்த்தால் கண்ணில் படாது, நடந்து வந்தால் தெரியும்.

ஜமைக்கா கதை வேறு. அங்கே 1956-ன் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கரையை அரசின் கையில் கொடுத்ததே தவிர, மக்களுக்குப் பொதுவான நுழைவுரிமை தரவில்லை. வடகரையில் மைல் கணக்கில் ஓட்டல் சுவர்கள் எழும்பியது இப்படித்தான். போர்ட்லாண்ட் பகுதியின் வினிஃபிரெட் கடற்கரைக்காக ஊர்க்காரர்கள் நீதிமன்றம் ஏறி, 2014-ல் தங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கினார்கள். கடற்கரை ஓட்டல்காரன் கையில் இருப்பது அநியாயம்தான். ஆனால், ‘அதனால் நீயும் ஓட்டலிலேயே தங்கு’ என்று அதற்கு முடிவு கட்டுவது எந்த ஊர் நியாயம்? தெற்குக் கரையின் டிரெஷர் பீச்சுக்குப் போனால் மீன்பிடி படகுகளும் சின்ன விடுதிகளுமாக வேறொரு ஜமைக்கா இருக்கிறது.

ஆளில்லாத கடற்கரைகளைப் பற்றி யாரும் சொல்லாத எச்சரிக்கை ஒன்று. மணலோரம் பச்சைப் பசேலென்று நிழல் தரும் மரம் ஒன்று, அடியில் குட்டி ஆப்பிள் போலக் காய்கள். அது மேன்சினீல். காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் புண்ணாகிவிடும். மழைக்கு ஒதுங்கி அதன் கீழே நின்றால், இலையில் பட்டு வழியும் தண்ணீரே தோலைக் கொப்பளிக்க வைக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள். எல்லா மரத்திலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அட்லான்டிக் பக்கத்துக் கரைகளில் நீரோட்டமும் பொல்லாதது. பார்படோஸின் பாத்ஷீபா அலைச்சறுக்குக்காரர்களுக்குச் சொர்க்கம், நீந்தப் போகிறவருக்கு ஆபத்து. 2011-லிருந்து அந்தப் பக்கத்துக் கரைகளில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி மலையாகக் குவிந்து நாறுவதும் உண்டு. நீந்த வேண்டுமானால் மேற்குக் கரை.

விலை பற்றிய புகாரில் பாதி நிஜம். ஆப்பிளும் சீஸும் கப்பலில் வருகின்றன, விலையும் அதற்கேற்ப. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை அறை வாடகை ஏறி நிற்கும். ஆனால், ஊர்க்காரர் மதியம் சாப்பிடும் கடையில் மீனும் சோறும் வறுத்த வாழைப்பழமும் ரிசார்ட் காபிக்கு ஆகும் காசுக்கு வெகு தூரமில்லை. டிரினிடாடில் காலையில் தெருவோரம் நின்று டபுள்ஸ் சாப்பிடுங்கள்: இரண்டு மெத்தென்ற பூரி, நடுவே கொண்டைக்கடலைக் கறி, மேலே மிளகாய்ச் சாறு. பணக் கணக்கும் சுலபம். எட்டு நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஒரே கிழக்குக் கரீபியன் டாலர்; 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக நிற்கிறது. வாடகை குறையும் மாதங்களில் புயல் அபாயம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், செப்டம்பரில் உச்சம். 2017-ல் மரியா புயல் டொமினிக்காவைத் துவைத்துப் போட்டது. 2024 ஜூலை முதல் தேதியே பெரில் கரியக்கூ தீவைப் புரட்டியது. மே மாதம் போனால் வாடகையும் இறங்கியிருக்கும், புயலும் தொடங்கியிருக்காது.

துப்பாக்கிச் சூடு? ஜமைக்காவின் கொலை விகிதம் பல ஆண்டுகள் உலகின் மிக மோசமானவற்றில் ஒன்று. டிரினிடாடில் 2024 கடைசியில் நெருக்கடிநிலையே அறிவித்தார்கள். ஹெய்ட்டிக்கு இப்போது போகச் சொல்ல மாட்டேன். ஆனால், ஹெய்ட்டித் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் நடப்பதை வைத்து டொமினிக்காவுக்கு மதிப்பெண் போடுவது முறையல்ல. நடுவே கடலும் பல நாடுகளும் கிடக்கின்றன. தகராறு நடக்கும் பேட்டைகள் எவை என்று விடுதிக்காரம்மாவே சொல்லிவிடுவார். ஒன்று மட்டும்: யாருமே இல்லாத கடற்கரையில் பையை மணலில் விட்டுவிட்டு நீந்தப் போகாதீர்கள். கூட்டமுள்ள கரையைவிட அதுதான் ஆபத்து. அப்புறம், ராணுவ உடை மாதிரி திட்டுத்திட்டான சட்டை பார்படோஸ் உள்ளிட்ட சில தீவுகளில் சட்டப்படி தடை. அதை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

‘ஒரு தீவு பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரி’ என்பதற்குப் பதில் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. பார்படோஸ் பவளச் சுண்ணாம்பு, டொமினிக்கா எரிமலை. முன்னதில் வெள்ளை மணல், பின்னதில் கறுப்பு மணலும் சுமார் 185 கிலோமீட்டர் நீளும் வைத்துகூபுலி நடைபாதையும். சபா தீவில் நிரந்தர மணற்கரையே கிடையாது. குவாதலூப்பிலோ தெருப்பெயர்கள் பிரெஞ்சு, அஞ்சல் பெட்டிகளில் ஐரோப்பிய எழுத்தில் தமிழ்ப் பெயர்கள். 1854 கடைசியில் தொடங்கி, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டவர்கள் அங்கே கரும்பு வெட்டப் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கட்டிக்காக்கும் மாரியம்மன் கோயில் கபெஸ்டேர் அருகே சாஞ்ஜியில் இருக்கிறது. எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் ‘கொலம்போ’ என்றால் மஞ்சளும் கொத்தமல்லியும் மணக்கும் கறி வரும். துறைமுகக் கடைத்தெருவோடு திரும்புபவருக்கு இது தெரிய வழியே இல்லை.

என்னால் மறுக்க முடியாத புகார் ஒன்று மிச்சமிருக்கிறது: தீவு விட்டுத் தீவு போவது. 1956-ல் தொடங்கிய லியட் விமான நிறுவனம் 2020-ல் நொடித்துப்போனது. அதன் பெயரில் புதிதாக ஒன்று பறக்கத் தொடங்கியிருந்தாலும், குறுகிய தூரத்துக்கு வரியும் சேர்த்துக் கொடுக்கும் கட்டணம் இன்னும் கசக்கத்தான் செய்கிறது. குவாதலூப், டொமினிக்கா, மார்த்தினிக், செயின்ட் லூசியாவை இணைக்கும் படகு இருக்கிறது. ஆனால், பிரெஞ்சுத் தீவுகளில் இறங்க இந்தியருக்கு அந்தத் தீவுகளுக்குச் செல்லுபடியாகும் விசா வேண்டும், பாரிசுக்கு வாங்கியது தானாகச் செல்லாது. பார்படோஸ், டொமினிக்கா, கிரெனடா, டிரினிடாட் போன்றவை இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்விசா கேட்பதில்லை. ஆனால், வழியில் அமெரிக்காவில் விமானம் மாறினால் அதற்கு விசா தேவைப்படும். ஆகவே ஏழு தீவு ஆசையைக் கப்பல்காரருக்கே விட்டுவிட்டு, ஒரு நாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிரெனடா என்றால் செயின்ட் ஜார்ஜஸில் படகேறிக் கரியக்கூ. செயின்ட் வின்சென்ட் என்றால் கிங்ஸ்டவுனில் படகேறி ஒரு மணி நேரத்தில் பெக்வே; துறையிலிருந்து பிரின்சஸ் மார்கரெட் கடற்கரைக்கு நடந்தே போகலாம்.