முதல்ல பெரிய பலகையைத் தூக்குங்க

போன சீசனில் எங்கட கூட்டத்திலிருந்து நாலு பேர் ரெண்டு பைக்கில அறுகம்பைக்குப் போனோம். அட்டாளைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில் எண்டு நேரான பாதை. வாடகைக்குப் பலகை குடுக்கிற ஒரு இடத்தில் போர்டுகள் வரிசையா சாத்தி வெச்சிருந்தது. எங்கட நண்பன் ஒருவன் நேரா போய், மூக்குக் கூரான, வெள்ளை நிற, அஞ்சு அடி பத்து அங்குலச் சின்னப் பலகையைத் தூக்கினான். அவனுக்கு 82 கிலோ. அதுதான் அவனுக்கு முதல் நாள். குடுத்தவரும் ஒண்டும் கேக்கல்ல.

மிச்சத்தைச் சுருக்கமா சொல்லுறோம். ஒரு மணித்தியாலம் அவனால அந்தப் பலகையில படுக்கவே ஏலாமப் போச்சு. கடைசியா ஒரு அலை பிடிபட்டது. மூக்கு கீழ குத்தி, பலகை புரண்டு, பின்பக்கத் துடுப்பு தொடையைக் கிழிச்சிட்டுது. ஆறு தையல். வீட்ட என்ன சொன்னோம் தெரியுமா? பைக்கில விழுந்ததெண்டு.

ஏன் பொய் சொன்னோம் எண்டு எங்கட ஊர் ஆக்களுக்கு விளக்கத் தேவையில்ல. 2004 டிசம்பர் 26இல் இந்த நாட்டிலேயே அதிகமான உயிர்களைக் கொடுத்த மாவட்டம் அம்பாறை. அதுக்குப் பிறகு வளர்ந்த எங்களுக்குக் கடல் எண்டா கரையில இருந்து கச்சான் சாப்பிட்டுப் பார்க்கிற ஒண்டு. கடலில காயம் எண்டு ஒரு உம்மாவுக்குத் தெரிஞ்சா, அந்தத் தெருவில ஒரு பிள்ளையும் இனி இறங்க ஏலாது. ஆனா நாங்க யோசிச்சுப் பார்த்ததில், அண்டைக்குப் பிழை கடலில இல்ல. பலகை அவனுக்குப் பொருந்தாத பலகை.

இதைத்தான் இந்தக் கட்டுரையில சொல்ல வாறோம்: பலகையை அழகு பார்த்து எடுக்காதீங்க. உங்கட உடம்பையும், நீங்க எந்த அலையில என்ன செய்யப் போறீங்க எண்டதையும் பார்த்து எடுங்க. பெரிய பலகை எடுக்கிறது வெட்கம் இல்ல.

கணக்கு லேசானது. ஒவ்வொரு சேர்ஃப் போர்டுக்கும் ஒரு கனவளவு இருக்கு, அதை லீற்றரில் சொல்லுவாங்க. அநேகமான பலகைகளில் எழுதியும் இருக்கும். அந்த லீற்றர்தான் உங்களை மிதக்க வைக்கிறது. புதுசாப் பழகிற ஆளுக்கு, தன்ட நிறை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை லீற்றராவது வேணும். பல வருசம் பழகின ஆளுக்கு அதில பாதிக்கும் குறைவு போதும். எங்கட நண்பன் தூக்கின மாதிரிச் சின்னப் பலகையில முப்பது லீற்றர் கூட இருக்காது. எட்டு அடி ஸ்பொஞ்ச் பலகையில எழுபதுக்கு மேல இருக்கும். லீற்றர் குறைஞ்சா பலகை உங்களோட சேர்ந்து தாழும். தாழ்ந்தா கையால துழாவி வேகம் எடுக்க ஏலாது. வேகம் இல்லாட்டி அலை உங்களுக்குக் கீழால போய்டும்.

அதுக்காக எல்லாருக்கும் ஒன்பது அடியும் சரிவராது. அம்பது கிலோ உள்ள ஒரு தங்கச்சிக்கு அவ்வளவு அகலமான பலகையைக் கக்கத்தில இடுக்கவே கை எட்டாது. எடுக்க முந்தி ரெண்டு விசயம் செஞ்சு பாருங்க. பலகையைக் கக்கத்தில வெச்சு, விரல் கீழ் விளிம்பைப் பிடிக்குதா எண்டு பாருங்க. பிறகு மணலில போட்டு, மேல குப்புறப் படுத்து, ரெண்டு கையும் தாராளமா பக்கத்தால இறங்குதா எண்டு பாருங்க. இறங்காட்டி ஏழு, ஏழரை அடிக்கு வாங்க.

அடுத்தது அலை. அறுகம்பையின்ட பெரிய முனையில அலை பாறைக்கு மேல உடையும், கூட்டமும் கூட. பழகினாக்கள் சின்னப் பலகையில சடார் சடாரெண்டு திரும்புறது அங்கதான். அதைப் பார்த்துட்டுத்தான் நாங்க ஆசைப்படுறோம். பேபி பொயின்ற், விஸ்கி பொயின்ற் மாதிரி இடங்களில அலை மெதுவா, நீளமா வரும். அங்க நீளப் பலகைதான் ஓடும். இன்னொண்டு, இந்தப் பக்கத்து முனைகளில அலை வலப்பக்கமா ஓடுறது. இடக்கால் முன்னுக்கு வெச்சு நிக்கிறாக்களுக்கு முகம் அலையைப் பார்க்கும். வலக்கால் முன்னுக்கு வாறாக்களுக்கு முதுகு பார்க்கும், கொஞ்சம் கஷ்டம். உங்கட கால் எது எண்டு கரையிலேயே தெரிஞ்சு வெச்சுக்கங்க.

'எல்லாத்துக்கும் ஒரே பலகை' எண்டு ஏழடி அளவில விக்கிறாங்க. எங்கட அபிப்பிராயம்: முதல் நாளே அதை வாங்காதீங்க, வாடகைக்குப் பெரிசை எடுத்துப் பழகுங்க. நாலு பேர் காசு சேர்த்து வாங்கிறதெண்டா, கூட்டத்தில நிறை கூடின ஆளுக்குப் பொருந்துற எட்டடி ஸ்பொஞ்ச் பலகையை வாங்குங்க. மெலிஞ்ச ஆள் பெரிய பலகையைக் கொஞ்சம் சிரமப்பட்டாவது ஓட்டுவார். நிறையான ஆளைச் சின்னப் பலகை தாங்காது.

இது புது அறிவும் இல்ல. ஹவாயில பழைய காலத்தில தலைவர்களுக்கு 'ஓலோ' எண்ட மிக நீளமான பலகை, மற்றாக்களுக்கு 'அலாயா' எண்ட கட்டைப் பலகை. பலகைக்கு அடியில துடுப்பு வந்ததே 1935இல்தான். இண்டைக்குச் சின்னப் பலகைகளில காணுற மூண்டு துடுப்பு 1980களின் தொடக்கத்தில பிரபலமானது. எங்கட பக்கத்திலயும் களப்பில ஓடுற சின்னத் தோணியை ஒரு மீனவரும் கடலுக்குள்ள இறக்கமாட்டார். கட்டுமரம் எண்ட சொல்லை உலகத்துக்குக் குடுத்த பாஷை எங்கட பாஷை. நாங்க மட்டும் போட்டோ பார்த்துப் பலகை எடுக்கிறோம்.

ராத்தாமார், தங்கச்சிமாருக்கும் ஒரு சொல். 2018இல் அறுகம்பையில பெண்களுக்கெண்டே ஒரு சேர்ஃப் கழகம் தொடங்கினாங்க. ஷாமலி சஞ்சயவும் அவவோட சேர்ந்த பெண்களும் வீட்டு எதிர்ப்புக்கு நடுவில அலையில ஏறினவங்க. முழுக்கை, முழுக்கால் மூடின, உடம்போட ஒட்டின நீச்சல் உடுப்பு இப்ப தாராளமா கிடைக்குது. தளர்ந்த உடுப்பு மட்டும் வேணாம். தண்ணி குடிச்சு பாரமாகி இழுக்கும்.

கடைசியா முக்கியமானது. காலில கட்டுற வார் பலகையின்ட நீளத்துக்காவது இருக்கணும். ஆனா வாரை நம்பிக் கடலுக்குள்ள போகாதீங்க. வார் அறுந்தா பலகை கரைக்குப் போய்டும், நீங்கதான் மிச்சம். நீந்தத் தெரியாட்டி முதல்ல நீச்சல், பிறகுதான் பலகை. இதில விட்டுக்குடுப்பில்ல.

2019இல் உலக சேர்ஃப் லீக் போட்டிக்கு எங்கெங்கேயோ இருந்து ஆக்கள் அறுகம்பைக்கு வந்தாங்க. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடின தூரத்தில இருக்கிற நாங்க, ஒண்டில் பயந்து நிக்கிறோம், இல்லாட்டி ஒளிச்சுப் போய்க் காயப்பட்டு வாறோம். ரெண்டுக்கும் நடுவில ஒரு வழி இருக்கு. சரியான பலகையோட, வீட்ட சொல்லிட்டுப் போற வழி.

அந்த நண்பன் இந்த வருசம் திரும்பவும் போனான். எட்டடி, நீலக் கலர் ஸ்பொஞ்ச் பலகை. நாலாவது அலையில எழும்பி நிண்டான். போக முந்தி, போன வருசத்துக் கதையையும் சேர்த்து வாப்பாட்ட உண்மையைச் சொல்லியிருக்கான். வாப்பா கொஞ்ச நேரம் பேசல்லையாம். பிறகு கேட்டாராம், "இந்தமுறை பலகை பெரிசா?"

"ஓம் வாப்பா."

"அப்ப போ. மஃரிபுக்கு முந்தி வீட்ட வந்துடு."