பாக்கெட் சீரியலா, நம் வயல் கேழ்வரகா?

''பள்ளிக்குப் போகும் என் பிள்ளைகள், காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சாக்லேட் சீரியல்தான் வேண்டும் என்கிறார்கள். விளைந்த கேழ்வரகை மூட்டையாக விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் பாக்கெட் வாங்குகிறோம். அது சத்தானதா? மாற்று என்ன?''
- வாசகி, விக்கிரவாண்டி.

பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை நம்பாமல், பின்பக்கத்தைப் படியுங்கள். எந்தப் பொருள் அதிகமோ, அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருந்தால், அதைத் தினமும் கொடுக்க வேண்டாம். 100 கிராமில் 30 கிராம் சர்க்கரை என்று இருந்தால், பிள்ளை சாப்பிடும் 30 கிராமில் 9 கிராம் சர்க்கரை. அதாவது, சுமார் இரண்டு டீஸ்பூன்.

நீங்கள் விற்கும் கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறுவது கடினம்.

அடுத்த அறுவடையில் பத்து கிலோவை வீட்டுக்கு ஒதுக்குங்கள். தேவையான அளவு எடுத்து, கல், மண் நீக்கிக் கழுவி, இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டினால் ஓரிரு நாளில் முளைவிடும். நன்கு காயவைத்து, வாசம் வர வறுத்து, அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். இரண்டு கரண்டி மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறி வேகவைத்துப் பால் சேருங்கள். மேலே வறுத்த வேர்க்கடலைப் பொடி தூவலாம். இனிப்பு கொஞ்சம் போதும். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்.

கம்பிலும் செய்யலாம். ஆனால், கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும் என்பதால், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

பிள்ளைகள் கஞ்சிக்கு முகம் சுளித்தால், அதே மாவில் புட்டு, அடை, தோசை செய்து கொடுங்கள். பாக்கெட்டை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முதலில் வாரத்தில் இரண்டு நாள் மாற்றுங்கள். போகப் போகப் பழகிவிடுவார்கள்.