பிளைவீலைக் கடையாதீங்கண்ணா!

டீக்கடையில ரெண்டு டிரைவர் சேர்ந்தா டீசல் விலை, டோல்கேட், டயர் இந்த மூணும் பேசுவாங்க. கூட ஒரு மெக்கானிக்கும் வந்து உட்கார்ந்துட்டா பேச்சு பிளைவீலுக்குப் போயிடும். "லேசாக்குனா வண்டி சும்மா பறக்குமுங்ணா" என்பார் ஒருத்தர். "யோவ், வெயிட்டு இருந்தாத்தான்யா மேடு இழுக்கும்" என்பார் இன்னொருத்தர். நாமக்கல், சங்ககிரி பக்கமே வளர்ந்த எனக்கு இந்தச் சண்டை சின்ன வயசுல கேட்ட தாலாட்டு மாதிரி.

ரெண்டு கட்சியும் தப்பு என்பது என் கட்சி. ஏன்னு சொல்றேன். நடுவுல கொஞ்சம் கணக்கு வரும், பயந்து ஓடிடாதீங்க :-)

முதல்ல ஒரு கதை. கதைன்னா கதை இல்லை, எங்க வீட்டுல நடந்தது.

அம்மாவோட தம்பி, என் மாமா, ஒத்தை லாரி வச்சு ஓட்டுனவர். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. ஆறு சக்கர வண்டி, லோடோட சேர்த்து 16 டன். 2009ல கிளட்ச் பிளேட் மாத்த வண்டியை ஒரு பட்டறையில விட்டார். பிளைவீல்ல நீல நீலமா புள்ளி, மேல மயிரிழை மாதிரி வெடிப்பு. "பேசிங் அடிச்சுரலாங்ணா. அப்படியே பின்னாடி கொஞ்சம் கடைஞ்சு லேசாக்கிடறேன், பிக்கப்பு பாருங்க அப்புறம்" என்றிருக்கிறார் அங்கே இருந்தவர். மாமாவும் தலையாட்டிட்டார். பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் படிச்ச மருமகன் நான் ஒருத்தன் இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தாலும் அப்போ எனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காதுங்கிறது வேற விஷயம்.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்தப்போ மாமாவுக்கு ஒரே சந்தோஷம். ஆக்சிலேட்டரைத் தொட்டா இன்ஜின் சீறுது. ஐடில்ல மட்டும் கியர் பாக்ஸ் பக்கம் கடகடன்னு ஒரு சத்தம். பேரிங் போல, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டார்.

நாலாவது நாள் சிமென்ட் லோடு ஏத்திக்கிட்டு மைசூருக்குக் கிளம்பினார். சத்தியமங்கலம் தாண்டி திம்பம் மலை, 27 கொண்டை ஊசி வளைவு. பாதி மலையில முன்னாடி போன வண்டி நின்னுடுச்சு, இவரும் நிறுத்த வேண்டியதாப் போச்சு. திரும்ப எடுக்கிறப்போ கிளட்சை விட்டா இன்ஜின் ஆஃப். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஆஃப். நாலாவது தடவை நல்லா ரைஸ் பண்ணி, கிளட்சைப் பாதியில வச்சே இழுத்துப் பார்த்திருக்கார். கருகின வாடை, புகை, பிளேட் போயிடுச்சு. வண்டி ரெண்டு மூணு அடி பின்னாடி உருண்டுச்சு. பின்னாடி ஒரு பஸ், நிறைய ஜனம். கிளீனர் பையன் குதிச்சு ஓடி டயருக்குக் கட்டை போட்டதால இன்னைக்கு நான் இதை நிம்மதியா எழுதறேன்.

அந்த மாசம் வண்டிக்கு டியூ கட்டலை. மாமி வளையல் அடகுக்குப் போச்சு. "மாப்ள, நீ படிச்சவன், என்னதான்டா ஆச்சு எனக்குச் சொல்லு" என்று மாமா கேட்ட பிறகுதான் நான் புத்தகத்தை எடுத்தேன்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

கிராமத்துக் கிணத்து மேட்டுல பழைய ஆயில் இன்ஜின் பார்த்திருப்பீங்க. ஒத்தை சிலிண்டர், ரெண்டு பக்கமும் பெரிய சக்கரம், டுப்... டுப்... டுப்னு சத்தம். அதுல லிஸ்டர் மாடல் நிமிஷத்துக்கு 650 சுத்து. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒரு சிலிண்டர் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். அந்த ஒரு அடி கிடைச்சதும் மீதி ஒன்றரை சுத்துக்கு இன்ஜினை ஓட்டறது அந்த ரெண்டு சக்கரம்தான். டீசல்ல காத்தை 16, 17 மடங்கு நசுக்கணும், அதுக்குத் தேவையான தெம்பையும் சக்கரம்தான் கொடுக்கணும். சக்கரத்தைக் கழட்டினா அந்த இன்ஜின் ஒரு டுப்போட சரி.

சிலிண்டர் கூடக் கூட அந்த இடைவெளி குறையும். டாடா 497 இன்ஜின்ல முதல் எண் சிலிண்டர் எண்ணிக்கை, அடுத்த 97 சிலிண்டர் விட்டம் மில்லிமீட்டர்ல. அப்போ 497ல நாலு சிலிண்டர், அரை சுத்துக்கு ஒரு அடி. 697ல ஆறு சிலிண்டர், ஒரு சுத்துக்கு மூணு அடி. அதனால ஆறு சிலிண்டருக்கு அத்தனை பெரிய சக்கரம் தேவையில்லை. ஆனா "தேவையில்லை" வேற, "எவ்வளவு வேணா குறைக்கலாம்" வேற.

அடுத்து, எத்தனை கிலோ குறைச்சீங்கங்கிற கேள்வியே தப்பு. எங்கே குறைச்சீங்கங்கிறதுதான் கேள்வி. ஸ்கூல்ல நிலைமம்னு படிச்சோமே, அது. நடு மையத்துல இருந்து ரெண்டு மடங்கு தூரத்துல இருக்கிற ஒரு கிலோ, நாலு கிலோ மாதிரி வேலை செய்யும். விளிம்புல 3 கிலோ கடைஞ்சாலும், நடுவுல 3 கிலோ கடைஞ்சாலும் தராசுல ஒண்ணுதான். இன்ஜினுக்கு ஒண்ணு இல்லை.

இப்போ ரெண்டு கட்சியையும் கணக்கால அளந்து பார்ப்போம். கணக்குக்காக ஒரு லாரி: 16 டன், முதல் கியர் 7, ஆக்சில் 6, பத்து-இருபது டயர்னு அரை மீட்டர் ஆரம். பிளைவீலோட நிலைமம் 1 அலகு (கிலோ மீட்டர் வர்க்கம்). அதுல 0.3 அலகைக் கடைஞ்சு எடுத்துட்டோம்னு வச்சுக்குங்க.

லேசு கட்சி சொல்றதுல உண்மை இருக்கு. முதல் கியர்ல வேகம் எடுக்கிறப்போ அந்த 0.3, வண்டியில இருந்து சுமார் 2100 கிலோ லோடு இறக்கினதுக்குச் சமம். அட, ரெண்டு டன்! ஆனா டாப் கியர்ல அதே 0.3 வெறும் 43 கிலோ. ஒரு மூட்டை சிமென்ட் கூட இல்லை. லாரி தன் வாழ்நாள்ல முதல் கியர்ல எத்தனை நேரம் ஓடும்? பிக்கப்பு காலி வண்டியில, பட்டறை வாசல்ல, முதல் ரெண்டு கியர்லதான் தெரியும். அதைத்தான் மாமா பார்த்து மயங்கினார். ஒரே வேகத்துல போறப்போ, மேடோ சமதளமோ, பிளைவீல் லேசா இருந்தாலும் கனமா இருந்தாலும் ஒரு பைசா வித்தியாசம் கிடையாது.

இன்னொரு நியாயமும் அவங்க பக்கம் இருக்கு. பிளைவீல் லேசா இருந்தா ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் சட்டுன்னு இறங்கும், அடுத்த கியர் சீக்கிரம் விழும். டபுள் கிளட்ச் போட்டு ஓட்டின பழைய ஆளுங்களைக் கேளுங்க, இதோட அருமை தெரியும். ஒத்துக்கறேன்.

கனம் கட்சியைப் பார்ப்போம். "மேடு இழுக்கும்." எவ்வளவு இழுக்கும்? 2000 சுத்துல இருந்து 1000 சுத்துக்கு இறங்கினா நம்ம பிளைவீல் கொடுக்கிற சக்தி 16 கிலோஜூல் சொச்சம். அது 16 டன்னை எவ்வளவு உயரம் தூக்கும் தெரியுமா? 10 சென்டிமீட்டர். ஒரு செங்கல் உயரம்னு வச்சுக்குங்க. ஆனா அதே வண்டி 40 கிலோமீட்டர் வேகத்துல வந்துச்சுன்னா, அந்த ஓட்டமே அதை 6 மீட்டருக்கு மேல தூக்கும் (உராய்வெல்லாம் விட்டுட்டு). மேடு ஏத்துறது வண்டியோட ஓட்டமும் இன்ஜினும் கியரும். பிளைவீல் இல்லை.

அப்போ பிளைவீல் எதுக்குத்தான் இருக்கு? நின்ன வண்டியை நகர்த்துறதுக்கு. 1000 சுத்துல கிளட்சை விடறீங்க, இன்ஜின் 700க்கு இறங்குது. அந்த நேரத்துல சக்கரம் கொடுக்கிறது 2.8 கிலோஜூல். அது 16 டன் வண்டியை மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டு வரும். நடக்கிறதை விட மெதுவு. ஆனா பம்ப்பும் கவர்னரும் டீசலைக் கூட்டிக் கொடுக்கிற வரைக்கும் இன்ஜின் சாகாம இருக்க அது வேணும். 0.3 அலகைக் கடைஞ்சப்போ இதுல 30 சதவீதம் போச்சு. சமதளத்துல டிரைவர் கொஞ்சம் கூடுதலா ரைஸ் பண்ணிச் சமாளிச்சுடுவார். திம்பத்துல, முழு லோடுல, ஏத்தத்துல நின்னு எடுக்கிறப்போ சமாளிக்க முடியலை.

அதோட கிளட்ச் தேய்ற சூட்டை வாங்கிக்கிறதும் பிளைவீல்தான். இரும்பு குறைஞ்சா அதே சூட்டுக்கு அது இன்னும் அதிகமாக் கொதிக்கும். லேசான பிளைவீல்னால கிளட்சை அதிகமாத் தேய்க்கணும், தேய்ச்ச சூட்டை வாங்க இரும்பும் கம்மி. ரெண்டு பக்கமும் அடி. கடகடன்னு கேட்டதும் பேரிங் இல்லை. ஒவ்வொரு அடியிலயும் இன்ஜின் வேகம் கூடிக் குறையிறதை மழுப்ப ஆள் இல்லாததால கியர் பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு மோதுன சத்தம்.

ஆனா கதை இதோட முடியலை. கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தப்போ இன்னொண்ணும் தெரிஞ்சது. மாமா வண்டி பிளைவீல்ல பிளேட் உரசுற முகம் ஒரு மட்டத்துல, பிரஷர் பிளேட் போல்ட் உட்கார்ற முகம் இன்னொரு மட்டத்துல, நடுவுல ஒரு படி. உரசுற முகத்தை எவ்வளவு சீவறோமோ அதே அளவு போல்ட் முகத்தையும் சீவணும். இல்லேன்னா பிரஷர் பிளேட்டுக்குப் பிடிமானம் குறைஞ்சு பிளேட் வழுக்கும். பட்டறையில ஒண்ணைச் சீவிட்டு இன்னொண்ணை விட்டுட்டாங்க. ஆக பாதித் தப்பு லேசாக்கினது, மீதித் தப்பு படியை விட்டது. மாமா பல வருஷம் லேசு-கனம்னு வாதம் பண்ணினாரே தவிர, அந்தப் படியை யாருமே பேசலை.

என் கருத்து இதுதான். லோடு ஏத்துற லாரிக்கு கம்பெனி கொடுத்த எடையே சரி. அந்த எடை தனியா வந்தது இல்லை. கிராங்க் முன்னாடி இருக்கிற டேம்பர், கவர்னர், கிளட்ச், முதல் கியர் எல்லாத்தோடயும் சேர்த்துக் கணக்குப் போட்டது. ஒண்ணை மட்டும் மாத்தினா மத்ததெல்லாம் பழைய கணக்குலயே நிக்கும்.

கனமாக்கறேன்னு தகடு வெல்டிங் அடிக்கிற ஆளுங்களும் உண்டு. தயவு செஞ்சு வேண்டாம். பெரும்பாலான லாரி பிளைவீல் வார்ப்பிரும்பு, வெல்டிங் பக்கத்துலயே வெடிப்பு விடும். சுத்து ஒன்றரை மடங்கானா சக்கரத்தைப் பிய்க்கிற இழுப்பு ரெண்டே கால் மடங்காகும். இறக்கத்துல தப்பான கியர்ல விழுந்து, சக்கரம் இன்ஜினை ஓட்டுற நேரத்துல அது சிதறினா, நம்ம ஊர் லாரிகள்ல அது டிரைவர் சீட்டுக்கு ரொம்பத் தூரத்துல இல்லை.

ரேஸ்காரங்க லேசாக்கறாங்களேன்னு கேட்கலாம். கோயம்புத்தூர்ல கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம் போனா அந்தப் பேச்சு நிறைய கேட்கும். அவங்களுக்கு லோடு கிடையாது, மலையில நின்னு எடுக்கிறது கிடையாது, இன்ஜின் சுத்து இறங்கவே விடமாட்டாங்க. அவங்க கணக்கு அவங்களுக்குச் சரி. நம்ம தலையில சிமென்ட் மூட்டை.

இன்னைக்கு வர்ற வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்த பிறகு லாரி இன்ஜினை எலக்ட்ரானிக்ஸ்தான் ஆளுது. பல இன்ஜின்ல வேகத்தை அளக்கிற சென்சார் பிளைவீல்ல இருக்கிற குழியையோ பல்லையோ பார்த்துத்தான் சுத்தை எண்ணுது. அதுல லேத்துக்காரர் கை வச்சா அப்புறம் லேப்டாப் வச்சவரைத் தேடிப் போகணும்.

அதனால அடுத்த தடவை கிளட்ச் வேலைக்கு விடறப்போ லேசா கனமான்னு கேட்காதீங்க. மூணே கேள்வி கேளுங்க. எத்தனை மில்லிமீட்டர் சீவுனீங்க? கம்பெனி சொன்ன குறைஞ்சபட்ச கனத்துக்கு மேல இன்னும் இருக்கா? போல்ட் முகத்தையும் அதே அளவு சீவுனீங்களா? மூணுல ஒண்ணுக்கு பதில் இழுத்துச்சுன்னா, புது பிளைவீல் வாங்கிப் போடுங்க. காசுதான். ஆனா ஒரு மாச டியூவை விடக் கம்மி, மாமி வளையலை விட ரொம்பக் கம்மி.

மாமா இப்போ வண்டி ஓட்டறதில்லை, முட்டி வலி. அந்தப் பழைய பிளைவீல் மட்டும் வீட்டு வாசல்ல கிடக்கு, செருப்புத் துடைக்கிற சாக்குக்கு மேல வெயிட்டா வச்சிருக்கார். போன பொங்கலுக்குப் போனப்போ காலால தட்டிக் காட்டி, "இதுக்கு மட்டும் இது போதுமான வெயிட்டு மாப்ள" என்றார்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, மேஜை வேலை பார்க்கிறவன். கணக்குல போட்ட எண்கள் உதாரணத்துக்கு. உங்க வண்டிக்கு உங்க வண்டி மேனுவல்தான் வேதம்.