ஆறாவதாக வருபவருக்கும் கணக்கில் இடம் உண்டு

யாழ்ப்பாணத்து வீடுகளில் பள்ளிக்கூட ரிப்போர்ட் வந்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனையாம் பிள்ளை?" அந்தக் கேள்வி எங்களோடு சேர்ந்து விமானம் ஏறி நியூ லின்னுக்கும் வந்துவிட்டது. கணிதப் போட்டி, பியானோ பரீட்சை, நடனப் போட்டி, எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். பள்ளி கிராஸ் கண்ட்ரி ஓடிவிட்டு, சேறு பூசிய காலோடு காரில் ஏறும் பிள்ளையிடமும் அதையே கேட்கிறார்கள். "நாற்பத்தெட்டாவது" என்றதும் காரில் ஒரு மௌனம். பிறகு மெதுவாக வரும்: "அந்த நேரத்துக்கு ரியூசனுக்குப் போயிருக்கலாமே, பிள்ளை."

இந்தப் பதிவு அந்த நாற்பத்தெட்டாவது ஆளுக்கு. அணியை விட்டுப் போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, கணக்கை வைத்துத்தான் சொல்கிறேன்.

கிராஸ் கண்ட்ரியில் அணியின் புள்ளி எப்படி வருகிறது தெரியுமா? முதலாவதாக வந்தவருக்கு 1, நாற்பத்தெட்டாவதாக வந்தவருக்கு 48. ஓர் அணியினரின் இடங்களைக் கூட்டினால் எந்த அணிக்குக் குறைவாக வருகிறதோ அது வெல்லும். நியூசிலாந்தின் தேசியப் பள்ளிப் போட்டியில் மூன்று பேர் அணி, ஆறு பேர் அணி என்று இரண்டு பிரிவுகள் உண்டு. ஆறு பேர் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியின் நட்சத்திர ஓட்டக்காரர் உயிரைக் கொடுத்து மூன்றாம் இடத்திலிருந்து முதலாம் இடத்துக்கு ஏறினால் அணிக்கு மிச்சம் 2 புள்ளி. ஆறாவது ஆள் 80ஆம் இடத்திலிருந்து 60ஆம் இடத்துக்கு ஏறினால் மிச்சம் 20 புள்ளி. நடுவில் ஓடும் கூட்டம் நெருக்கமானது. அங்கே சில வினாடிகள் வேகமாக ஓடினாலே பல பேரைத் தாண்டிவிடலாம்.

அந்த ஆறாவது ஆள் அன்றைக்கு ரியூசனுக்குப் போய்விட்டால்? மற்ற ஐந்து பேரும் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்தப் பிரிவில் பள்ளிக்கு இடமே கிடையாது.

பெரிய மேடையிலும் இதே கதைதான். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவு தேசியப் போட்டியில் ஒரு அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள், முதல் ஐந்து பேரின் இடங்கள் மட்டும் கூட்டப்படும். 2024 நவம்பர் 23 அன்று விஸ்கான்சினில் உள்ள மேடிசனில் பிரிகம் யங் பல்கலைக்கழகம் ஆண்கள், பெண்கள் இரண்டு பட்டங்களையும் வென்றது. ஆனால் தனிநபராக ஆண்களில் முதலில் வந்தவர் ஹார்வர்டின் கிரஹாம் பிளாங்க்ஸ், பெண்களில் அலபாமாவின் டோரிஸ் லெம்ன்கோலே. பிரிகம் யங் ஆண்கள் அணியின் புள்ளி 124. ஐந்தால் வகுத்துப் பாருங்கள், சராசரி இடம் ஏறக்குறைய 25. எங்கட காருக்குள் "இருபத்தைந்தாவது" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

நியூசிலாந்துக்கே இப்படி ஒரு வெற்றி உண்டு. 1975இல் மொரோக்கோவின் ரபாத் நகரில் நடந்த உலக கிராஸ் கண்ட்ரி போட்டியில் ஆண்கள் அணிப் பட்டம் இந்த நாட்டுக்குத்தான் வந்தது. முதல் மூன்று இடங்களில் ஒரு நியூசிலாந்துக்காரர்கூட இல்லை. ஜோன் வாக்கர் நான்காவதாக வந்தார், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதிகம் பிந்தவில்லை. அவ்வளவுதான். முன்னால் மட்டுமே ஓடி வெல்வதும் உண்டு. 1988இல் எங்கட ஒக்லாந்தின் எலர்ஸ்லி குதிரைப் பந்தய மைதானத்தில் கென்ய ஆண்கள் ஆறு பேரின் இடங்களைக் கூட்டி வெறும் 23 புள்ளியில் வென்றார்கள். அதற்குக் கென்யாவின் ஆழம் வேண்டும். மற்ற எல்லோருக்கும் ரபாத் வழிதான்.

நியூ லின்னில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கிருந்து டிட்டிராங்கிக்கு ஏறி, வையடாருவா வரை போகும் மலைப்பாதை ஓட்ட உலகில் பேர் போனது. பக்கத்து ஒவைராகாவில் இருந்த ஆர்தர் லிடியார்ட் தன் ஆட்களை அந்தப் பக்கமாக 22 மைல் சுற்று ஓடவைத்தார். 800 மீட்டர்காரர், 5,000 மீட்டர்காரர், மாரத்தான்காரர் எல்லோருக்கும் ஒரே சுற்று. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரி ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் எடுத்தார். நீங்கள் பஸ்ஸில் போகும் மேட்டில்தான் அவர்கள் சேர்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"எல்லாம் சரி, படிப்பு?" இது நியாயமான கேள்வி. எங்கட பெற்றோர் பலர் படிப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கரை சேர்ந்தவர்கள், அவர்களுடைய பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்பதற்கு எங்கட ஊரே மறுப்புச் சொல்கிறது. யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு அதுதான் முதல் தங்கம். பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். மேலே சொன்ன ஸ்னெல்லும் பின்னாளில் உடற்பயிற்சி உடலியலில் கலாநிதியானவர்.

நான் பொறியியலில் முதுகலை முடித்து, கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். ஒரு புரொஜெக்ட் பிந்தினால், குழுவின் மிகக் கெட்டிக்காரர் சரியாகச் செய்தாரா என்று வாடிக்கையாளர் கேட்பதில்லை. கடைசி ஆள் தன் பகுதியை முடித்தாரா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. பெயர் வெளியே வராத இடத்திலும் முழு மூச்சாக வேலை செய்யும் பழக்கம் இருபத்தைந்து வயதில் திடீரென்று வராது. மழைக்காலச் சேற்றில், யாரும் படம் எடுக்காத நடுக்கூட்டத்தில் ஓடிப் பழகினால் வரும்.

பதினோராம் ஆண்டில்தான் எங்கட பிள்ளைகள் அதிகமாக அணியை விடுகிறார்கள், அதிலும் பெண் பிள்ளைகள். பயிற்சி முடிய இருட்டிவிடும் என்பது ஒரு காரணம். அதற்குத் தீர்வு யாராவது கூட்டிப்போவது, நிறுத்துவது அல்ல. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து முறைவைத்தால் போதும்.

பெற்றோரிடம் நீங்களே ஒன்று கேளுங்கள். அடுத்த போட்டிக்கு வந்து, பந்தயம் முடியும் கோட்டில் நிற்காமல், கடைசி மேட்டில் நிற்கச் சொல்லுங்கள். முன்னால் போகிறவர்களைப் பார்த்த பிறகும் அங்கேயே நிற்கட்டும். அணியின் ஆறாவது ஆள் வரும்போது அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தட்டும். அந்த மேட்டில் அவர் இன்னும் இரண்டு பேரைத் தாண்டினால் அணிக்கு இரண்டு புள்ளி மிச்சம்.