நோயர் சொல்லும் கணிப்பொறியும்

தாளில் எழுதிவந்த நோய்க்குறிப்பைக் கணிப்பொறியில் ஏற்றுவது நன்றே. கையெழுத்து விளங்காமல் மருந்து மாறும் கேடு குறையும். ஆயின், அமெரிக்கர் பட்டறிவை நம்மவர் நோக்குதல் வேண்டும். 2009-இல் ஆங்கு இயற்றப்பட்ட சட்டம், கணிப்பதிவுக்கு மாறும் மருத்துவமனைகட்குப் பெருந்தொகை வழங்கிற்று. விளைவென்ன? 2013-இல் வெளிவந்த ஆய்வொன்றில், நெருக்கடிப் பிரிவு மருத்துவர்கள் பணிப்பொழுதில் நூற்றுக்கு 43 பங்கைப் பதிவிலும், 28 பங்கையே நோயரிடத்தும் செலவிட்டமை தெரிந்தது. ஓய்வற்ற 10 மணிநேரப் பணியில் சுட்டியை அழுத்தியது ஏறத்தாழ 4,000 முறை!

தமிழகத்திலோ இவ்விடருடன் இன்னொன்றும் சேர்கிறது. நள்ளிரவில் வரும் உழவர் நெஞ்சு கரிக்கிறது என்பார். இன்னொருவர் பிசைகிறது என்பார். மற்றொருவர் அடைக்கிறது என்பார். மூன்றும் ஒன்றல்ல. மருத்துவர் கேட்டறிய வேண்டிய வேறுபாடே அதுதான். திரையிலுள்ள ஆங்கிலப் பட்டியலோ அனைத்தையும் நெஞ்சுவலி என ஒரே கட்டத்துள் அடைத்துவிடும். தாளிலாவது ஓரத்தில் தமிழிற் கிறுக்க இடமிருந்தது!

ஒருங்குகுறியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றது. தமிழ்99 விசைப்பலகையை அரசே 1999-இல் ஏற்றது. கருவி உண்டு, ஆங்கிலத்திற்கு அடிமைப்பட்ட உள்ளங்களுக்குத்தான் அது தெரிவதில்லை. 1956-இலேயே ஆட்சிமொழிச் சட்டம் கண்ட நாடு இது. நோயர் கூற்றை அவர்தம் சொல்லிலேயே தமிழிற் பதியும் கட்டமொன்றை எல்லா மருத்துவமனைகளும் அமைக்க அரசு ஆணையிடுக! அதன் படியொன்று நோயர் கைக்கும் வருக!