கண்டிப்பு அவர்களுக்கு, ஆறுதல் நமக்கு

டிசம்பர் 31 நடு இரவு ஆராதனை முடியும் நேரத்தில் ஒரு தட்டு வரும். சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கொன்று எடுப்போம். பிறக்கும் வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று கொடுத்த வாக்குத்தத்தம் அது. வீடு திரும்பும் வழியெல்லாம் யாருக்கு என்ன வசனம் வந்தது என்பதே பேச்சு. என் அம்மாவின் வேதாகமத்துக்குள் நாற்பது வருஷத்து அட்டைகள் கிடந்தன. அவர் போன பிறகு ஒருநாள் அவற்றைப் பிரித்து வைத்தேன். பாதிக்கு மேல் ஏசாயா. இருள் விலகி உன்மேல் வெளிச்சம் வந்தது என்னும் 60ஆம் அதிகாரம், உன்மேல் ஓங்கிய ஆயுதம் பலிக்காது என்னும் 54, வறட்சியிலும் வாடாத தோட்டமாய் இருப்பாய் என்னும் 58. மூன்றும் திரும்பத் திரும்ப வந்திருந்தன.

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் தீர்க்கதரிசிகளை அறிந்திருப்பது பெரும்பாலும் இந்த அட்டைகள் வழியாகத்தான். கிறிஸ்துமஸுக்கு ஏசாயாவில் இரண்டு இடம், பெரிய வெள்ளிக்கு ஒரு அதிகாரம் உண்டு. மற்ற புத்தகங்களில் தாள் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆமோஸ் எங்கே என்று தேட நம்மில் பலருக்கு பொருளடக்கம் வேண்டும்.

இதை நான் உணர்ந்தது யூதர்களுடைய புத்தகம் ஒன்றில். ஓர் இறையியல் கல்லூரி நூலகத்தில், ரபி ஹெர்ட்ஸ் பதிப்பித்து 1936இல் ஒரே தொகுதியாக வந்த தோராவும் (மோசேயின் ஐந்து நூல்கள்) ஹஃப்தாராக்களும் அடங்கிய கனத்த புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஹஃப்தாரா என்றால் முடிப்பு என்று பொருள். ஓய்வுநாள் காலையில் ஜெப ஆலயத்தில் தோராவின் அந்த வாரப் பகுதியை வாசித்த பின், தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து ஒரு பகுதியை வாசித்து முடிப்பார்கள். யோசுவா, ராஜாக்கள் போன்ற நூல்களும் அவர்கள் கணக்கில் தீர்க்கதரிசிகள்தான். எந்த வாரத்துக்கு எந்தப் பகுதி என்பது பல நூற்றாண்டுகளாக வகுத்து வைத்த முறை. வாசிக்குமுன் ஒரு ஆசீர்வாத ஜெபம், வாசித்த பின் நான்கு. எவ்வளவு கடுமையான பகுதியானாலும், இப்படிப்பட்ட தீர்க்கதரிசிகளைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள்.

நான் முதலில் தேடியது அம்மாவின் மூன்று வசனங்களை. மூன்றும் இருந்தன. அவை வரும் இடம்தான் என்னை நிறுத்தியது. யூத நாட்காட்டியில் தம்மூஸ் மாதம் 17இல் எருசலேமின் மதில் உடைந்ததை நினைத்து உபவாசிக்கிறார்கள். அடுத்த ஆவ் மாதம் 9இல் ஆலயம் இடிந்ததற்காகத் துக்கம் காக்கிறார்கள். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே வரும் மூன்று ஓய்வுநாட்களில் கண்டிப்பின் பகுதிகள். எரேமியாவிலிருந்து இரண்டு, ஏசாயாவின் முதல் அதிகாரம் ஒன்று. துக்கநாள் கடந்த பிறகுதான் ஆறுதலின் ஏழு வாரங்கள் தொடங்குகின்றன. ஏழும் ஏசாயாவின் பின்பகுதியிலிருந்து வருபவை. நம் 54 அந்த வரிசையில் மூன்றாவது வாரம் வருகிறது, 60 ஆறாவது வாரம். ஏழு வாரம் ஆறுதல் சொல்கிறவர்கள் ஆறுதலை அற்பமாக எண்ணுகிறவர்கள் அல்லர். ஆனால் அந்த ஏழுக்கு வந்து சேர மூன்றைக் கடக்க வேண்டியிருக்கிறது. நாம் அந்த மூன்று வாரங்களைக் கிழித்துப் போட்டுவிட்டோம்.

கண்டிப்பின் மூன்றாம் ஓய்வுநாளுக்கு ஷபாத் ஹஸோன் என்று பெயர். ஏசாயா 1:1 முதல் 27 வரை வாசிக்கிறார்கள். பல சபைகளில் அதன் பெரும்பகுதியைப் புலம்பல் நூலின் ராகத்திலேயே ஓதுவது வழக்கம். சாவு வீட்டின் ராகம் அது. உங்கள் பண்டிகைகள் எனக்குச் சுமையாகிவிட்டன, நீங்கள் எவ்வளவு ஜெபித்தாலும் கேட்கமாட்டேன், உங்கள் கைகளில் இரத்தம் இருக்கிறது என்று கடவுள் சொல்லும் பகுதி. அதிகாரிகள் லஞ்சத்தின் பின்னால் ஓடுகிறார்கள், தகப்பனில்லாத பிள்ளையின் வழக்கு விசாரணைக்கே வருவதில்லை, விதவையின் மனு அவர்களிடம் போய்ச் சேருவதில்லை. பக்தியில் எந்தக் குறையும் இல்லாத ஊரைப் பார்த்துத்தான் இத்தனையும் சொல்லப்படுகிறது. அந்த ஊரின் வாரிசுகள் ஒவ்வொரு வருஷமும் உட்கார்ந்து அதைத் தங்களைப் பற்றியதாகக் கேட்கிறார்கள்.

நமக்கு ஞாயிறு பள்ளியில் எப்படிச் சொல்லித் தந்தார்கள்? வணங்காக் கழுத்துள்ள இஸ்ரவேலர், முறுமுறுத்த இஸ்ரவேலர், விக்கிரகத்தின் பின்னே போன இஸ்ரவேலர். பாவம் எல்லாம் அவர்களுடையது. அதே தீர்க்கதரிசியின் வாயில் ஆறுதல் வந்ததும் முகவரி மாறிவிடும், அது நமக்கு வந்த கடிதமாகிவிடும். ஒரே புத்தகத்தைக் கத்தரித்து, கண்டிப்பை யூதர்களுக்கும் ஆறுதலை நமக்கும் பங்கு வைத்தோம். இந்தக் கத்தரிக்கோல் நமக்கு முன்னோர் தந்தது. அந்தியோகியாவில் 386ஆம் ஆண்டு முதல் சபைப் பிதா யோவான் கிறிசோஸ்தோம் செய்த பிரசங்கங்களில், யூதத் தீர்க்கதரிசிகள் தங்கள் சொந்த ஜனத்தின்மேல் கண்ணீரோடு சொன்ன சொற்கள் அந்த ஜனத்துக்கே எதிரான சாட்சியாக்கப்பட்டன. பின்வந்த நூற்றாண்டுகளில் ஐரோப்பா யூதர்களுக்குச் செய்ததில் அந்த வாசிப்புக்கும் பங்கு உண்டு. நாம் ஐரோப்பியர் அல்லர், அந்த இரத்தம் நம் கையில் இல்லை என்று நினைத்திருந்தோம். அந்த வாசிப்பைச் சுண்டல் கொடுத்து நம் குழந்தைகளுக்கும் கற்பித்தோம்.

தோராப் பகுதியையும் ஹஃப்தாராவையும் எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரே ஒரு வாரம் போதும். மிஷ்பாத்தீம் என்னும் பகுதி அடிமைச் சட்டத்தோடு தொடங்குகிறது. வாங்கிய எபிரெய அடிமையை ஏழாம் வருஷம் விடுதலை செய்ய வேண்டும். அதோடு வாசிப்பது எரேமியா 34. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. யூதாவில் இன்னும் விழாமல் நிற்கும் கோட்டைகள் லாகீசும் அசேக்காவும் மட்டுமே. (1935இல் லாகீசைத் தோண்டியபோது மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் இந்த இரண்டு ஊர்ப் பெயர்களும் இருக்கின்றன.) உயிர்ப் பயத்தில் ராஜா சிதேக்கியாவும் பிரபுக்களும் ஆலயத்தில் உடன்படிக்கை செய்து, கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் நடுவே நடந்து, அடிமைகளை எல்லாம் விடுதலை செய்கிறார்கள். எகிப்தின் படை வருகிறதென்று கேட்டுப் பாபிலோனியர் முற்றுகையை விலக்குகிறார்கள். மூச்சு விட இடம் கிடைத்ததும் இவர்கள் செய்த முதல் வேலை, விட்டவர்களைத் தேடிப் பிடித்துத் திரும்ப அடிமையாக்கியது.

சட்டத்தைப் படித்த அதே காலையில் அதை மீறிய கதையையும் படிக்க வைத்திருக்கிறார்கள். சட்டத்தை மட்டும் படித்துவிட்டு நல்ல ஜனம் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போக முடியாது.

இந்தப் பகுதியில் ஒரு பிரசங்கம் நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆனால் அந்த முற்றுகை கொரோனாவாக நமக்கு வந்தது. 2020 மார்ச் 22 மாலை வாசலில் நின்று கை தட்டினோம். தூய்மைப் பணியாளர்களின் காலைக் கழுவி மாலை போட்டவர்கள்கூட உண்டு. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், வராத மாதத்துக்கும் சம்பளம் உண்டு, பத்திரமாக இரு என்று சொன்னோம். பிழைத்தால் இனி வேறு மாதிரி வாழ்வோம் என்று ஜெபத்தில் அழுதோம். பிழைத்தோம். நம்மில் எத்தனை பேர் அந்தச் சம்பளத்தை முன்பணம் என்று கணக்கெழுதி மாதாமாதம் பிடித்தோம்? குப்பை அள்ளுகிறவர் தண்ணீர் கேட்டால் கொடுக்க எத்தனை வீடுகளில் இன்னும் தனிக் குவளை இருக்கிறது? கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டார்கள். அந்தச் செய்திகளை நாம் ஜெபக்குறிப்பில்கூடச் சேர்க்கவில்லை. அந்தச் செங்கல்லில் மண்டபம் கட்டிப் பிரதிஷ்டை செய்தோம்.

இந்தப் பட்டியலில் சாதியை எழுதாமல் போனால் மற்ற எல்லாம் பொய்யாகிவிடும். கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் வைத்திருக்கும் ஊர்கள் நம்மில் உண்டு. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி கூடாது என்று சுற்றுமடல் எழுதியபோது, சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது எளிது என்று வெளியேறியவர்கள் நம் முன்னோர்களில் இருந்தார்கள். தங்கியவர்களும் அதை விட்டுவிடவில்லை. வரன் தேடும்போது இன்றும் முதல் கேள்வி என்னவென்று நமக்குத் தெரியும்.

அம்மாவின் மூன்றாவது அட்டை, ஏசாயா 58. அது ஆறுதலின் ஏழு வாரங்களில் இல்லை. யோம் கிப்பூர் அன்று காலை வாசிக்கப்படுகிறது. யூத நாட்காட்டியின் மிகப் பெரிய உபவாசம் அது. ஏறக்குறைய 25 மணி நேரம் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. அன்று முழுவதும் நெஞ்சில் கை வைத்துப் பாவ அறிக்கை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அதையும் பன்மையில் சொல்கிறார்கள். தான் திருடாதவரும் நாங்கள் திருடினோம் என்கிறார். இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் நாம் என்றே நான் எழுதுவது அவர்களிடம் கற்றது. அந்த உபவாசத்தின் நடுவே, வயிறு காய்ந்திருக்கும் நேரத்தில் இந்த ஹஃப்தாரா வருகிறது. உபவாச நாளிலும் உங்கள் வேலைக்காரரைக் கசக்குகிறீர்களே, இதுவா நான் கேட்ட உபவாசம்? நுகத்தடியைக் கழற்றி ஒடுக்கப்பட்டவர்களை விடுதலையாக்கு, பசித்தவனோடு உன் அப்பத்தைப் பகிர்ந்துகொள், வீடற்றவனை உள்ளே அழை. இப்படிச் செய்தால், என்று பல நிபந்தனைகளைத் தாண்டிய பிறகே தோட்டத்தைப் பற்றிய வாக்குறுதி வருகிறது. அட்டையில் தோட்டம் மட்டும் அச்சாகியிருந்தது. அச்சடித்தவரை நான் குறை சொல்லவில்லை. நிபந்தனையோடு ஓர் அட்டை தட்டில் இருந்திருந்தால், அதை எடுத்தவர் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டு வேறொன்று எடுத்திருப்பார். நானும்தான்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபங்களை நாம் உண்மையாகத்தான் நடத்துகிறோம். தொண்டை கட்டும்வரை ஜெபிக்கிறோம். வேலை, விசா, வரன், வியாதி. ஆலயத்தைப் பெருக்குகிறவருக்கு மாதம் என்ன தருகிறோம் என்ற கேள்வி எந்த வெள்ளியிலும் எழுந்ததில்லை.

இயேசு நாசரேத் ஜெப ஆலயத்தில் வாசிக்க எழுந்து நின்றபோது அவர் கையில் கொடுக்கப்பட்டது ஏசாயாவின் சுருள். லூக்கா 4 நமக்கு மனப்பாடம். அவர் வாசித்தது ஏசாயா 61 என்பதும் தெரியும். லூக்கா எழுதியிருப்பதை 61ஆம் அதிகாரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவே ஒரு வரி அங்கிருந்து வந்ததல்ல என்பது தெரியும். ஒடுக்கப்பட்டவர்களை விடுதலையாக்கும் அந்த வரி 58:6. நம் அட்டையில் வெட்டிவிட்ட வரி, நம் ஆண்டவரின் முதல் பிரசங்கத்தில் கொண்டுவந்து சேர்க்கப்பட்டிருக்கிறது.

யூதர்களின் வாசிப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 13 வயதில் ஹஃப்தாரா வாசிக்க வரும் பிள்ளைகள் ராகத்தை மட்டும் உருப்போட்டு, பொருள் தெரியாமல் ஓதி முடிப்பதைப் பற்றி அவர்களே வருந்தி எழுதுகிறார்கள். நீதி ஆற்று வெள்ளமாய் ஓட வேண்டும் என்று கேட்கும் ஆமோஸ் 5ஆம் அதிகாரம் அவர்களுடைய ஹஃப்தாரா வரிசையில் இல்லை. 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் அதை உலகுக்குக் கேட்கச் செய்தார். அந்தக் கிங்கோடு 1965இல் செல்மாவில் கைகோத்து நடந்தவர் ரபி ஆபிரகாம் ஜோசுவா ஹெஷெல். பெர்லினில் தீர்க்கதரிசிகளைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். தாயையும் சகோதரிகளையும் நாஜிகளிடம் பறிகொடுத்தவர். 1962இல் தீர்க்கதரிசிகளைப் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்ட மூன்றாம் வருஷம் அவர் தெருவில் இருந்தார். நம் இறையியல் மாணவர்கள் அந்த நூலைப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள்.

மிஷனரி சீகன்பால்கு 1719இல் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் தமிழாக்கியிருந்தார். தீர்க்கதரிசிகளைத் தமிழில் பேச வைத்தவர் அவருக்குப் பின் வந்த பெஞ்சமின் ஷுல்ட்ஸே. அதற்குப் பிறகு ஏறக்குறைய 300 வருஷமாக நம் கையில் அந்தப் புத்தகங்கள் இருக்கின்றன.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஸ்தோத்திரப் பண்டிகையன்று முதல் பாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. குறித்திருந்த பகுதி ஏசாயா 1:10 முதல் 20 வரை. ஆராதனைக்கு முன் கமிட்டிப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அன்பான மனிதர். "பண்டிகை நாள் பாருங்க. வெளியூர்லருந்தெல்லாம் காணிக்கையோட வந்திருக்காங்க. பண்டிகையே வேண்டாம்னு ஆண்டவர் சொல்றத வாசிச்சா ஒரு மாதிரி இருக்கும். 18லருந்து ஆரம்பிங்களேன்" என்றார். பதினெட்டாம் வசனம் பாவங்கள் வெளுத்துப்போவதைப் பற்றியது, எல்லாருக்கும் பிடித்தமானது. சரி ஐயா என்றேன். பதினெட்டிலிருந்து வாசித்தேன். மூன்றே வசனம். சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று யாரும் கேட்கவில்லை. அன்று வாசித்தது அம்மாவின் வேதாகமத்திலிருந்துதான். எங்கே தொடங்க வேண்டும் என்று மறந்துவிடாதிருக்க 18க்கு மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தேன். அந்தக் கோடு இன்னும் அங்கேயே இருக்கிறது.