உடம்பு பெருத்தால் மருந்தை விடுவதா?



"மருந்து தின்று தின்று உடம்பு ஊதிவிட்டான்" என்று ஒருவனைப் பார்த்துச் சிரிப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. தோட்டத்து லயத்திலும் சிரிக்கிறோம். சிங்கப்பூர் தேக்காவிலும் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு என் உடன்பிறந்த தம்பியின் வேலையைத் தின்றது. ஆகவேதான் சம்பளம், போனஸ் என்று எழுத வேண்டிய இந்த இடத்தில் இன்று மருந்தைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

தம்பி சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தவன். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் நால்வரோடு ஓர் அறையில் வாசம். அவனுக்கு இருமுனைக் கோளாறு என்றார் டாக்டர். அதாவது, சில வாரம் உறக்கமே வேண்டாத மட்டற்ற உற்சாகம். பேச்சு நிற்காது, பணம் கையில் தங்காது. பிறகு படுக்கையை விட்டு எழவே மனம் வராத சோர்வு. இது பேயுமல்ல, சோம்பலுமல்ல. சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டு நடந்த மனநல ஆய்வில், நூற்றுக்கு 1.6 பேர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் இதற்கு ஆளானவர்கள் என்று கண்டார்கள். அதே கணக்கை முந்நூறு பேர் பிரட்டுக்கு நிற்கும் தோட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். நான்கைந்து பேர் வருகிறார்கள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்போம் அல்லவா!

லித்தியமும் ஒலன்ஸபினும் கொடுத்தார்கள். மனம் அடங்கியது, தம்பி ஒரு நாளும் தவறாமல் வேலைக்குப் போனான். ஆனால் 64 கிலோவாக இருந்தவன் எட்டு மாதத்தில் 81 கிலோ ஆனான். கூட்டாளிகள் வைத்த பட்டப் பெயர்களை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஒரு நாள் மருந்துப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டான். எவரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது மாதம் மேற்பார்வையாளரிடம் கிடங்கையே விலைக்குக் கேட்டானாம்! மூன்று மாதச் சம்பளத்தை ஒரே இரவில் செலவழித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது வேலை இல்லை.

அவன் அதிகம் தின்றானா? தின்றான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் தின்றான்? ஒலன்ஸபின் போன்ற மருந்துகள் மூளையில் "போதும்" என்று சொல்லும் வாயிலையே அடைத்துவிடுகின்றன. வயிறு நிறைந்தும் பசி ஓயாது. லித்தியமோ தாகத்தைக் கூட்டும். இரவு வேலைக்காரன் அந்தத் தாகத்தை எதைக் கொண்டு தணிப்பான்? இயந்திரத்திலிருந்து விழும் இனிப்பு டின்னும், பாலும் சீனியும் கலந்த தே தாரிக்கும்தான். போதாததற்கு, லித்தியம் சிலருக்குத் தைராய்டு சுரப்பியை மந்தமாக்கும். அதனாலும் எடை ஏறும். இவ்வளவையும் அறியாமல் "வாயைக் கட்டு" என்று உபதேசம் செய்தவர்களில் நானும் ஒருவன்.

லித்தியத்துக்கும் சிங்கப்பூருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய இராணுவ டாக்டர் 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டு, சாங்கியில் மூன்றரை ஆண்டுகள் கைதியாயிருந்தார். நம் பாட்டன்மார் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட காலம் அது. ஊர் திரும்பிய அவர்தாம் லித்திய உப்பு அந்த மட்டற்ற வெறியை அடக்குகிறது என்று 1949இல், பத்து நோயாளிகளின் விவரத்தோடு எழுதி வெளியிட்டார். அளவு மீறினால் அதுவே நஞ்சு என்பதும் விரைவில் தெரிய வந்தது. இன்றும் இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துச் சோதித்தே கொடுக்கிறார்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. தம்பி மறுபடியும் மருந்து தொடங்கியதும், எடையைக் குறைக்க அம்மா உப்பில்லாப் பத்தியம் போட்டார். வாரம் இரண்டு நாள் பட்டினி வேறு. நல்ல மனத்தோடு செய்ததுதான். ஆனால் உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும், வியர்வையில் நீர் வற்றினாலும், சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும். விடியற்காலை முதல் வெயிலேறும் வரை மரம் வெட்டும் தோழர்கள் இதை மனத்தில் பதிய வைக்க வேண்டும். தம்பியின் கை நடுங்கியதை நர்ஸ் பார்த்துவிட்டார். தப்பினோம்.

பின் என்னதான் வழி? பால் நிறுக்கும் தராசில் குறைந்தால் நாம் மரம் வெட்டுவதை நிறுத்திவிடுகிறோமா? கிராணியிடம் கேட்கிறோம், அவர் கேளாவிட்டால் சங்கத்துக்குக் கொண்டு போகிறோம். (கிராணியாகிய நானே சொல்கிறேன்.) மருந்து விஷயமும் அப்படியே. எடை ஏறுகிறது என்பது டாக்டரிடம் வைக்க வேண்டிய முறையீடு. வாய் திறந்து கேட்டால் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் அளப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பார்ப்பார்கள். எடையை அவ்வளவாக ஏற்றாத மருந்துக்கு மாற்ற முடியுமா என்று யோசிப்பார்கள். சிலருக்கு மெட்ஃபார்மின் சேர்த்துக் கொடுப்பதுமுண்டு. தம்பிக்கு இரவு மருந்தைச் சிறிது சிறிதாக மாற்றினார்கள். அவன் தானாக நிறுத்தியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

பானங்களை எளிதில் பார்த்துக்கொள்ளலாம். 2022 டிசம்பர் முதல் சிங்கப்பூரில் டின், போத்தல் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போட்டிருக்கிறார்கள். நூறு மில்லிலிட்டரில் பத்து கிராமுக்கு மேல் சீனி இருந்தால் டி. கோப்பிக் கடையில் "தே ஓ கோசோங்" என்று கேட்டால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. இரவு வேலைக்காரருக்கு முதலாளி குளிர்ந்த தண்ணீர்க் குழாய் வைக்கட்டும். இனிப்பு இயந்திரம் மட்டும் வைத்துவிட்டு உடம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

சட்டத்தையும் பார்ப்போம். 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. மனநலக் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரைப் பாரபட்சமாக நடத்துவதை அது தடுக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு ஆரம்பத்தில் விலக்காம். தேக்காவின் மளிகைக் கடைகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் எண்ணிப் பாருங்கள். எத்தனை இடத்தில் 25 பேர் இருக்கிறார்கள்? இந்த விலக்கு நீங்க வேண்டும் என்று சங்கங்கள் இப்பொழுதே கேட்க வேண்டும்.

தம்பி இப்பொழுது 75 கிலோ. பழைய 64 திரும்புமா என்று டாக்டரும் சொல்லவில்லை, அவனும் கேட்பதில்லை. வேறொரு கடையில் பகல் வேலை. மாலையில் ஃபேரர் பார்க் திடலைச் சுற்றி நடக்கிறான். அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனை. டாக்டரிடம் கேட்க வேண்டியதை, நான் கொடுத்த பழைய செக்ரோல் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்திருக்கிறான். ஐந்து கேள்விகள். முதல் கேள்வி எடையைப் பற்றியது.